அந்த இரவில் போட்ட கையெழுத்து

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் வசிக்கிறோம். ஆறு வயது மகளுக்குப் பாலக்காட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் டான்சில் அறுவை சிகிச்சை நடந்தது. ஏழாம் நாள் இரவு பத்து மணிக்கு வாயில் இரத்தம் வரவே, அங்கேயே கொண்டுசென்றோம். பணி மருத்துவர் ஐஸ் கொடுக்கச் சொன்னார். நிபுணர் வரவில்லை. விடியற்காலையில் குழந்தை இரத்த வாந்தி எடுத்ததும் நாங்களே கோவைக்குக் கொண்டுபோனோம். அங்கே மயக்க மருந்து கொடுத்து, இரத்தக்குழாயைக் கட்டிக் காப்பாற்றினார்கள். அறுவையைத் தவறாகச் செய்துவிட்டு எங்களிடமே எரிந்துவிழுந்தவர்கள் மீது வழக்குப் போடலாமா?

பதில்: எரிந்துவிழுந்ததை விடுங்கள். அறுவை தவறு என்பதையும் விடுங்கள். ஐந்து முதல் பத்து நாளுக்குள் புண்மேல் படிந்த பொருக்கு உதிரும்போது இரத்தம் கசிவது, திறமையான மருத்துவரிடமும் நடப்பதுதான். அதை மட்டும் சொன்னால் தோற்பீர்கள். காவல் நிலையத்துக்கும் போகாதீர்கள். ஜேக்கப் மேத்யூ என்ற மருத்துவரின் வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம், மருத்துவர்கள் மீதான குற்ற வழக்குக்கு வைத்த அளவுகோல் மிகக் கடுமையானது.

போக வேண்டிய இடம் நுகர்வோர் ஆணையம். அங்கே உங்கள் வழக்கு பத்து மணிக்கும் விடியலுக்கும் நடுவில் இருக்கிறது. குழந்தைகள் இரத்தத்தை விழுங்கிவிடுவார்கள். வெளியே தெரிவதைவிட இழப்பு அதிகமாக இருக்கும். கசிவு நிற்காவிட்டால் ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோக வேண்டும், வசதி இல்லையென்றால் அவர்களே வேறிடத்துக்கு அனுப்ப வேண்டும். நிபுணரை எத்தனை மணிக்கு அழைத்தார்கள், நாடித்துடிப்பைக் குறித்தார்களா என்பதை மருத்துவமனையின் சிகிச்சைப் பதிவேடான கேஸ் ஷீட்தான் சொல்லும். எழுத்தில் கேளுங்கள்; 72 மணி நேரத்தில் தந்தாக வேண்டும்.

என்னைப் பயமுறுத்துவது, "நாங்களே கொண்டுபோனோம்" என்ற உங்கள் வரி. புறப்படும்போது ஒரு தாளில் கையெழுத்துப் போட்டீர்களா? மருத்துவரின் அறிவுரையை மீறிச் செல்கிறோம் என்று மலையாளத்தில் அச்சிட்ட தாள், பதற்றத்தில் படிக்காமல் போட்ட கையெழுத்து: எல்லையோரத் தமிழ்க் குடும்பங்கள் இதில் விழுவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். முந்தைய மணிநேரங்களின் அலட்சியத்தை அந்தத் தாள் அழித்துவிடாது. ஆனால் படிக்கத் தெரியாது என்ற பதிலை ஆணையம் எளிதில் ஏற்காது. கோவை டிஸ்சார்ஜ் சம்மரியையும் பாருங்கள். சேர்க்கும்போது பாட்டி "முறுக்கு கடித்தாள்" என்று சொல்லியிருந்தால் அதுவும் பதிவாகியிருக்கும். இரத்தம் வந்தது உங்கள் கவனக்குறைவால் என்று காட்ட, எதிர்த்தரப்பு முதலில் வாசிப்பது அதைத்தான்.

கையெழுத்து இருந்தால் சமரசம் செய்யுங்கள். குழந்தை முழுதாகத் தேறிவிட்ட நிலையில் பெரிய இழப்பீடு கிடைக்காது. கோவைச் செலவும் அதற்கு மேல் ஒரு நியாயமான தொகையும் கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதற்காகக் காலவரம்பு நிற்காது. அந்த இரவிலிருந்து இரண்டு ஆண்டு முடிவதற்குள் பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு ஏறியிருக்க வேண்டும்.