பழைய ஆம்னியில் ஆயில் ஒழுகும் கியர்பாக்ஸை வீட்டிலேயே இறக்க முடியுமா?

முடியும். எங்கள் மாருதி ஆம்னியில் மச்சானைத் துணைக்கு வைத்துக்கொண்டு வாசலிலேயே இறக்கினேன். இரண்டு நாள் பிடித்தது. ஆனால் ஸ்பேனரை எடுக்கும் முன் எங்கே ஒழுகுகிறது என்று பாருங்கள். இறக்கவே தேவைப்படாமல் போகலாம்.

அடிப்பாகத்தை டீசல் போட்டுத் துடைத்து, ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து கீழே அட்டை விரித்து வையுங்கள். பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் பிரொப்பெல்லர் ஷாப்ட் கியர்பாக்ஸில் நுழையும் பின்முனையில் கசிந்தால், ஷாப்டை மட்டும் உருவி அங்கிருக்கும் சீலை (ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையம்) மாற்றிவிடலாம். முன்னால், இன்ஜினோடு சேரும் பெல் ஹவுசிங் (கிளட்சை மூடியிருக்கும் கூடு) அடியில் சொட்டினால் விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள். கியர் ஆயில் என்றால் கந்தக நெடி மூக்கில் ஏறும்; கியர்பாக்ஸின் முன்பக்க சீல் போயிருக்கும். நெடி இல்லாமல் கறுத்து, நீர்த்திருந்தால் இன்ஜினின் பின்பக்க சீலாக இருக்கும். இந்த இரண்டுக்கும் கியர்பாக்ஸ் இறங்கித்தான் ஆக வேண்டும்.

வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகவே போகாதீர்கள். கெட்டியான தரையில் ஸ்டாண்ட் முட்டுக் கொடுத்து, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, வண்டியை நன்றாக ஆட்டிப் பார்த்த பிறகே படுங்கள். பேட்டரி ஒயரையும் கழற்றிவிடுங்கள்.

ஆயிலை வடிக்கும் முன், ஊற்றுகிற பிளக் கழல்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வடித்த பிறகு அது துருப்பிடித்து அசையாமல் நின்றால் புது ஆயில் ஊற்ற முடியாது, வண்டி நகராது. அப்புறம் பிரொப்பெல்லர் ஷாப்டை போல்ட் போட்டு இணைக்கும் தட்டான பிளேஞ்சில் இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு கோடு கீறிவிட்டுக் கழற்றுங்கள். அதே நிலையில் மாட்டினால்தான் அதிராது. கிளட்ச் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள், ரிவர்ஸ் லைட் ஒயர், கியர் இணைப்பு, ஸ்டார்ட்டர் எல்லாம் வரிசையாக வந்துவிடும்.

கஷ்டம் கடைசியில்தான். கியர்பாக்ஸ் தாங்கியை எடுத்ததும் இன்ஜின் பின்னால் சாயும், அதற்கும் கட்டை வைத்து முட்டுக் கொடுங்கள். கியர்பாக்ஸை நேராகப் பின்னால் இழுக்க வேண்டும். பாதியில் தொங்கவிட்டால் மொத்த எடையும் கிளட்ச் பிளேட்டுக்குள் நுழைந்திருக்கும் இன்புட் ஷாப்டில் விழுந்து கிளட்ச் பிளேட் வளைந்துவிடும். நான் ஜாக்கியில் வைத்து அங்குலம் அங்குலமாக நகர்த்த, மச்சான் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டான்.

எங்கள் கியர்பாக்ஸின் பழைய முன்சீலை நெம்பி எடுத்தபோது அதன் உதடு பிளாஸ்டிக் போல விறைத்திருந்தது. புதியதன் ஸ்பிரிங் பக்கம் ஆயிலைப் பார்த்திருக்க வேண்டும். உதட்டில் கொஞ்சம் ஆயில் தடவி, அதே அளவு குழாய்த்துண்டு வைத்துச் சமமாகத் தட்டுங்கள். கழற்றியது கழற்றியதுதான், இன்ஜின் பின்சீலையும் கிளட்ச் பிளேட்டையும் கிளட்சை அழுத்தி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கையும் பார்த்துவிடுங்கள்.

கியர்பாக்ஸ் மேலிருக்கும் பிரீதரை (காற்று போகும் துளை) மறக்காமல் சுத்தம் செய்யுங்கள். அது அடைத்திருந்தால் சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி, புது சீலையும் தள்ளிக்கொண்டு ஆயில் வெளியே வரும்.