தூணில் உரசிய வெள்ளை ஸ்விஃப்டின் பின் ஃபெண்டருக்கு (பின் சக்கரத்துக்கு மேலுள்ள தகடு) வீட்டிலேயே, குறைந்த செலவில் பெயின்ட் அடிக்க முடியுமா?

முடியும். வெள்ளை என்பதால்தான் தைரியமாகச் சொல்கிறேன். சில்வராக இருந்திருந்தால் கடைக்கே போகச் சொல்லியிருப்பேன். மெட்டாலிக்கில் அலுமினியத் துகள் படியும் விதம் கொஞ்சம் மாறினாலும், அதே பெயின்ட்தான் என்றாலும் திட்டுத் திட்டாகத் தெரியும்.

"கார் வாங்கக் காசு இருக்கு, பெயின்டுக்கு இல்லையா" என்று கேட்பவர்கள் வருவார்கள். ஒரு கீறலுக்கு இன்ஷூரன்ஸ் கிளெய்ம் போட்டால் நோ கிளெய்ம் போனஸ் போச்சு. ஐந்து வருடம் கிளெய்ம் போடாதவருக்கு அது ஓன் டேமேஜ் (நம் கார் சேதத்துக்கான) பிரீமியத்தில் 50% தள்ளுபடி. எது கஞ்சத்தனம், எது கணக்கு என்று அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

முதலில் நகத்தால் தடவிப் பாருங்கள். அபார்ட்மென்ட் தூணின் மஞ்சள் எனாமல் உங்கள் கார்மேல் ஒட்டியிருப்பதே பாதிக் காயமாகத் தெரியும். நகம் மாட்டாத இடமெல்லாம் ரப்பிங் காம்பவுண்டிலேயே போய்விடும். சக்கர வளைவின் உள்மடிப்பையும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் தகடு துருப்பிடித்துப் போயிருக்கிறது, அது டிங்கர் வேலை, பெயின்டால் தீராது.

பின் ஃபெண்டரில் உண்மையான சிக்கல் வேறு. முன் ஃபெண்டர் போல்ட்டில் நிற்பது, நான்கு பக்கமும் விளிம்பு உண்டு. பின்னது பாடியோடு வெல்டிங். கதவுக்குப் பின்னால் காரின் பின்தூண் வழியாகக் கூரைவரை ஒரே தகடு. பெயின்டை எங்கே நிறுத்துவது? பக்கவாட்டில் ஓடும் பாடி லைனில், அதாவது தகட்டின் மடிப்புக் கோட்டில். கீறல் அதற்குக் கீழே இருந்தால் இறங்குங்கள், மேலே ஏறியிருந்தால் விட்டுவிடுங்கள். டேப்பை வெட்டினாற்போல் ஒட்டாமல், விளிம்பை மேல்நோக்கி மடித்துவிட்டால் பெயின்ட் மெல்லக் கரைந்து முடியும். நேராக ஒட்டினால் படி மாதிரி நிற்கும்.

வாங்க வேண்டியவை: பள்ளம் நிரப்பும் பாலியெஸ்டர் பட்டி அரை கிலோ, 400 மில்லி ஸ்ப்ரே கேனில் பிரைமர் ஒன்று, கலர் இரண்டு, கலருக்கு மேல் அடிக்கும் நிறமில்லாத கிளியர் இரண்டு. எமரி 80, 180, 320, வாட்டர் பேப்பர் 600, 2000. 'வெள்ளை' என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள். பானட்டுக்குள் இருக்கும் தகட்டில் நிறக் குறியீடு இருக்கும். சூப்பீரியர் ஒயிட் என்றால் 26யூ.

தேய்க்கும் முன்பே மெழுகு, எண்ணெய் போகத் துடைக்க வேண்டும், பிறகல்ல. தேய்த்தால் அந்த மெழுகு கீறலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். டயர் பாலிஷ் சிலிக்கான் ஒரு துளி இருந்தாலும் பெயின்ட் மீன்கண் மாதிரி குழிகுழியாக விலகும். துடைத்து, தேய்த்த பிறகு கீறலில் பட்டி: பெரிய நெல்லிக்காய் அளவு பட்டிக்கு, அதை இறுக வைக்கும் ஹார்டனர் ஒரு பட்டாணி அளவு, எடையில் 2% வரும். சீக்கிரம் காயட்டும் என்று கூட்டினால் பிறகு வெள்ளையின் மேல் மஞ்சள் கறை எழும்பும்.

இங்கே ஒரு ஆதங்கம். நம்மூரில் பல பட்டறைகளில் பட்டியின் மேல் தண்ணீர் ஊற்றித்தான் தேய்க்கிறார்கள். தூசி பறக்காது, வேலை சுளுவு. ஆனால் பட்டியில் இருக்கும் டால்க் தூள் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், ஒரு மழைக்காலம் போனதும் கொப்புளம் வரும். கேட்டால் "உங்க கார் தகடு சரியில்ல சார்" என்பார்கள். எல்லாரையும் சொல்லவில்லை, நன்றாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். நீங்கள் பட்டியை உலர்வாகவே தேய்யுங்கள்: 80, 180, 320. கண்ணை மூடி விரலால் தடவினால் படி தெரியக் கூடாது. தண்ணீர் ஊற்றித் தேய்ப்பது, அதன்மேல் பிரைமர் அடித்துக் காய்ந்த பிறகுதான், 600-ல்.

கேனை இரண்டு நிமிடம் குலுக்கி, 20–25 செ.மீ. தள்ளிப் பிடித்து, பேனலுக்கு வெளியே ஆரம்பித்து வெளியே முடியுங்கள். முதல் கோட் பனி மாதிரி, அடி தெரியலாம். பத்து நிமிட இடைவெளியில் இன்னும் இரண்டு. ஒரே கோட்டிங்கில் மூடப் பார்த்தால் வழியும். நேர்வெயில் ஆகாது. சென்னையின் ஐப்பசி, கார்த்திகை ஈரமும் ஆகாது, பெயின்ட் பால் மாதிரி வெளுக்கும். நிழலில், தரையை நனைத்துவிட்டு, காலை 9-க்கு மேல் அடியுங்கள்.

கிளியரில் ஹார்டனர் கலந்த டூகே வகைதான் உறுதி. ஆனால் அதில் ஐசோசயனேட் இருக்கிறது, நுரையீரலுக்குக் கேடு, என்95 மாஸ்க் அதைத் தடுக்காது. வீட்டில் ஹார்டனர் இல்லாத ஒன்கே போதும். அதற்கும் கார்பன் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் போடுங்கள். கலர் முடிந்த இடத்தைத் தாண்டி ஒரு சாண் வரை கிளியரை இழுத்து, பிறகு 2000 பேப்பர், காம்பவுண்டு. அதற்கு ஒரு வாரமாவது பொறுக்க வேண்டும்.

பெட்ரோல் மூடி இருக்கும் பக்கம் என்றால் இன்னொன்று: ஒன்கே கிளியர் பெட்ரோலைத் தாங்காது, ஒரு சொட்டு வழிந்தாலே இளகிக் கோடு விழும். பங்கில் ஆட்டோ கட் ஆனதும் "ரவுண்டா போட்டுடவா சார்" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.