தென்னாப்பிரிக்காவில் அரிசி, பருப்புக்கு வாட் (மதிப்புக் கூட்டு வரி) இல்லை. இதனால் ஏழைகளுக்கு உண்மையிலேயே பலன் உண்டா?

பலன் உண்டு. ஆனால் வாட் இல்லாத பொருள்களின் பட்டியலை நீட்டிக்கொண்டே போவதில் எனக்கு உடன்பாடில்லை.

1991-இல் பழைய விற்பனை வரியை எடுத்துவிட்டு 10 சதவீத வாட் கொண்டுவந்தார்கள். 1993-இல் அது 14 ஆனது, 2018 ஏப்ரலில் 15. ஏழை வீட்டுச் சம்பளத்தில் பெரும்பங்கு சாப்பாட்டுக்கே போய்விடும் என்பதால் சோள மாவு, பிரவுன் ரொட்டி, அரிசி, பருப்பு, முட்டை, பால், சமையல் எண்ணெய், காய்கறி, பழம் போன்றவற்றுக்குப் பூஜ்ய விகிதம்.

கோடு எங்கே விழுகிறது என்பதை டர்பனில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தின் மளிகைக் கடையில் நின்று பார்த்தால் புரியும். பச்சை மிளகாய்க்கு வரி இல்லை, மிளகாய்த்தூளுக்கு 15. தக்காளிக்கு இல்லை, டப்பாத் தக்காளிக்கு உண்டு. வெள்ளை ரொட்டிக்கான மாவு 2019 ஏப்ரல் முதல் பூஜ்யம். அந்த மாவில் சுட்ட வெள்ளை ரொட்டிக்கு இன்னும் 15. பீன்ஸ் பன்னி சௌவில் (ரொட்டியைக் குடைந்து பீன்ஸ் கறி நிரப்பியது) பீன்ஸ், வெங்காயம், எண்ணெய் எல்லாம் வரியில்லாமல் வந்தவை. சமைத்துக் கொடுத்ததும் முழு விலைக்கும் வரி விழுகிறது. வாட் பதிவுள்ள கடையில் 69 ராண்டுக்கு (தென்னாப்பிரிக்க நாணயம்) விற்றால் 9 ராண்டு அரசுக்கு. (விலையை 15-ஆல் பெருக்கி 115-ஆல் வகுக்க வேண்டும். நேரே 15 சதவீதம் போட்டால் கணக்கு தப்பும்.)

கடைக்காரர்கள் குழம்பும் இடம் பூஜ்ய விகிதத்துக்கும் விலக்குக்கும் உள்ள வித்தியாசம். அரிசி பூஜ்ய விகித வகை. அதை விற்பவர் வாங்குபவரிடம் வரி வசூலிக்க மாட்டார். ஆனால் கடை மின்சாரம், ஃபிரிட்ஜ், பைகளுக்குத் தான் கட்டிய வாட்டைத் திரும்பக் கேட்கலாம். மினிபஸ் டாக்ஸிக் கட்டணம் விலக்கு வகை. அங்கே பயணியிடம் வரி வாங்குவதில்லை, ஆனால் வண்டிக்கும் டயருக்கும் கட்டிய வரி திரும்ப வராது. அது கட்டணத்துக்குள் ஒளிந்துகொள்கிறது. இன்னொன்று: வாட் பதிவு கட்டாயமாகும் வரம்பைத் தாண்டினோமா என்று விற்றுமுதலைக் கூட்டும்போது பூஜ்ய விகித விற்பனையும் சேரும். 'அரிசிதானே விற்கிறோம்' என்று பதிவு செய்யாமல் இருந்துவிட்டால் பின்னால் அபராதமும் வட்டியும் வரும்.

இனி உங்கள் கேள்வி. வருமான விகிதத்தில் பார்த்தால் சலுகை ஏழைக்கே அதிகம் உதவுகிறது. ராண்டுக் கணக்கில் பார்த்தால் அதிகம் வாங்கும் வசதியானவருக்கே அதிகம் போகிறது. பழமும் பாலும் இதற்கு நல்ல உதாரணம். சோள மாவில் இந்தக் கசிவு மிகக் குறைவு. அரசு விட்டுக்கொடுக்கும் அதே பணத்தைக் குழந்தை உதவித்தொகையில் சேர்த்தால் (2025 ஏப்ரலில் மாதம் 560 ராண்டு) நேரே தேவைப்படும் வீட்டுக்குப் போகும். ஆனால் எந்த உதவித்தொகைப் பட்டியலிலும் பெயர் இல்லாதவருக்கு எட்டுவது விலைச் சலுகை மட்டுமே. அதனால்தான் சோள மாவையும் பிரவுன் ரொட்டியையும் தொடவே கூடாது என்கிறேன்.

2025 மார்ச் பட்ஜெட்டில் வாட்டை 15.5 ஆக்கவும், அதற்கு ஈடாக டப்பாக் காய்கறி, ஈரல் போன்ற உள்ளுறுப்பு இறைச்சிகளைப் பூஜ்யமாக்கவும் முன்மொழிந்தார்கள். ஏப்ரலில் உயர்வைக் கைவிட்டதும் அந்தச் சலுகைகளும் போயின. ஈரல் சேர்ந்திருந்தால் வரவேற்றிருப்பேன். அதை வாங்குபவர்கள் பெரும்பாலும் கை இறுக்கமான வீட்டினர். கோழிக்கறியையும் பூஜ்யமாக்கலாமே என்றால், அதை அப்படிச் சொல்ல முடியாது: எல்லா வீட்டிலும் வாங்குவதால் அரசின் இழப்பு பெரிது, வரி போன அளவுக்கு விலை இறங்கும் என்ற உத்தரவாதமும் இல்லை.