கருத்தடை செய்த பெண் நாய் தூக்கத்தில் சிறுநீர் கசியவிடுவது ஏன்?

ஏற்காட்டில் வளரும் 5 வயது டாபர்மேன், கருத்தடைக்குப் பிறகு படுத்த இடத்தை நனைக்கிறது, அடித்தால் திருந்துமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அடிக்காதீர்கள். கசிவது அதற்கே தெரியாது.

கருப்பையோடு சினைப்பையையும் எடுத்துவிட்டால் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும். சிறுநீர்க் குழாயை இறுக்கிப் பிடிக்கும் தசை தளரும். அதனால்தான் விழித்திருக்கும்போது சரியாக இருந்துவிட்டுத் தூக்கத்தில் கசிகிறது. அறுவை முடிந்து பல ஆண்டுகள் கழித்தும் தொடங்கலாம். 20 கிலோவுக்கு மேற்பட்ட நாய்களிடம் அதிகம்.

முதலில் சிறுநீர்ப் பரிசோதனை. காலையில் முதலில் போவதைச் சுத்தமான கரண்டியில் பிடித்து, ஒரு மணி நேரத்துக்குள் கொடுங்கள். தாமதமானால் ஃப்ரிட்ஜில் வையுங்கள். முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகப் போனாலோ ரத்தம் கலந்தாலோ அது தொற்றாக இருக்கலாம். அதிகமாகத் தண்ணீர் குடித்தால் சர்க்கரை, சிறுநீரகம் இரண்டையும் பார்க்க வேண்டும்.

அவை இல்லையென்றால் வழக்கமான மருந்து ஃபீனைல்புரொப்பனோலமைன்: கிலோவுக்கு 1 முதல் 1.5 மில்லிகிராம், தினம் 2 அல்லது 3 வேளை. ரத்த அழுத்தத்தை ஏற்றும் என்பதால் மருத்துவர் சொல்லாமல் தொடங்கக் கூடாது. ஈஸ்ட்ரியால் மாத்திரையும் உண்டு. நாயின் எடை எதுவானாலும் தினம் மொத்தம் 2 மில்லிகிராமில் தொடங்கி, கசிவு நின்றதும் படிப்படியாகக் குறைப்பார்கள். பெரும்பாலும் ஆயுள் முழுக்கத் தேவைப்படும். நடுவில் நிறுத்தினால் கசிவு திரும்பும்.

மனிதர்களுக்கான சளி மாத்திரை வேண்டவே வேண்டாம், அவற்றில் பலவற்றில் உள்ள பாராசிட்டமால் நாய்க்கு நஞ்சு. தண்ணீரையும் குறைக்காதீர்கள், குறிப்பாக மலையிலிருந்து சேலம் வெயிலுக்கு அழைத்துச் செல்லும்போது. மலைக் குளிரில் ஈரத்தில் படுத்தால் தொடை புண்ணாகும். விரிப்பை உடனுக்குடன் மாற்றி, பின்பகுதியை வெதுவெதுப்பான நீரில் துடைத்து உலர்த்துங்கள்.