மூட்டுக்கு ஒரு டாக்டர், வயிற்றுக்கு ஒரு டாக்டர்: வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 44. கோத்தகிரி பக்கம் ஊர். கொஞ்சம் தேயிலை, கொஞ்சம் கேரட் போடுகிறோம். எனக்கு முடக்குவாதம் இருக்கிறது. ஞாயிறு காலை மெத்தோட்ரெக்ஸேட், மறுநாள் ஃபோலிக் ஆசிட், தினமும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயினும் ப்ரெட்னிசலோன் 5 மில்லிகிராமும் போடுகிறேன். பனிக்காலத்தில் விரல் மடங்காதபோது கடையில் வலி மாத்திரை வாங்கிக்கொள்வேன். தீபாவளிக்குப் பிறகு மேல்வயிற்றில் எரிச்சல், உப்புசம், குமட்டல். எண்டோஸ்கோப்பி பார்த்துவிட்டு ஹெச். பைலோரி கிருமி என்றார்கள். 14 நாள் கோர்ஸை ஒருவேளை விடாமல் முடித்தேன். இரண்டு மாதம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்தால் இன்னும் ‘பாசிட்டிவ்’. வயிற்று டாக்டர் அதே கோர்ஸை மறுபடி எழுதிக் கொடுத்திருக்கிறார். மூட்டு டாக்டரைக் கேட்டால், “அது அவர் விஷயம்மா” என்கிறார். வாத மாத்திரைதான் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துக் கிருமியைக் கூட்டிவந்தது, எல்லாவற்றையும் நிறுத்து என்கிறாள் நாத்தனார். மாமியாரோ மிளகாய்தான் காரணம் என்கிறார். கிருமி போனதா, இல்லையா? ரிப்போர்ட் நகல்களும், வலி வந்த நாட்களைக் குறித்த காலண்டர் தாள்களும் வைத்திருக்கிறேன்.

– பெயர் வேண்டாம் என்ற வாசகி, கோத்தகிரி வட்டம்

பதில்: மறுபடி எழுதிக் கொடுத்த அந்த கோர்ஸை இன்னும் ஆரம்பிக்கவில்லை என்றால், ஆரம்பிக்காதீர்கள். வயிற்று டாக்டரிடம் இன்னொருமுறை பேசிவிட்டு முடிவு செய்யலாம். அவசரம் ஒன்றும் இல்லை. இந்தக் கிருமி பெரும்பாலும் சின்ன வயதிலேயே உள்ளே போயிருக்கும். இத்தனை வருஷம் இருந்தது இன்னும் சில வாரம் இருந்தால் குடி முழுகிவிடாது.

நீங்கள் அனுப்பிய ரத்த ரிப்போர்ட் ‘ஐஜிஜி’ பரிசோதனை. அது கிருமியைத் தேடுவதில்லை. கிருமிக்கு எதிராக உங்கள் உடம்பு தயாரித்த எதிர்ப்பொருளைத் தேடுகிறது. கிருமி செத்துப்போன பிறகும் அந்த எதிர்ப்பொருள் மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில் ரத்தத்தில் நிற்கும். திருடன் ஊரைவிட்டுப் போன பிறகும் போலீஸ் ஸ்டேஷன் பலகையில் அவன் படம் தொங்குகிற மாதிரி. ஆகவே இரண்டு மாதத்தில் ‘பாசிட்டிவ்’ வந்ததை வைத்து கிருமி இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. சிகிச்சை பலித்ததா என்று பார்க்க அந்தப் பரிசோதனையை எழுதுவதே வீண் செலவு என்பது என் கட்சி.

கிருமி போய்விட்டதா என்று சொல்லக்கூடியவை வேறு. ஒன்று மூச்சுப் பரிசோதனை. யூரியா கலந்த திரவத்தைக் குடிக்கச் சொல்வார்கள். இந்தக் கிருமியிடம் யூரியாவை உடைக்கும் நொதி இருக்கிறது. அது உடைத்தால் அடையாளமிட்ட கார்பன் உங்கள் மூச்சில் வெளியே வரும். இன்னொன்று, மலத்தில் கிருமியின் ஆன்டிஜனை, அதாவது அதன் புரதத் துணுக்கை, தேடுவது. முதலாவதுக்கு நீங்கள் மலையிறங்க வேண்டியிருக்கலாம். இரண்டாவதுக்கு டப்பா மட்டும் இறங்கினால் போதும், அதுவும் குளிர்ச்சி கெடாமல்.

எந்தப் பரிசோதனையானாலும் நாள் கணக்குத் தவறக்கூடாது. ஆன்டிபயாடிக் கோர்ஸ் முடிந்து குறைந்தது 4 வாரம் ஆகியிருக்க வேண்டும். பான்டாப்ரசோல், ஒமெப்ரசோல் மாதிரி காலையில் வெறும் வயிற்றில் போடும் ‘கேஸ் மாத்திரை’யை 2 வாரம் முன்பே நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் கிருமி ஒடுங்கிக் கிடக்கும், ரிப்போர்ட் பொய்யாக ‘நெகட்டிவ்’ சொல்லும். ஆனால் உங்கள் விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. ப்ரெட்னிசலோன் போடுகிறவர், இடையிடையே வலி மாத்திரையும் போடுகிறவர், கேஸ் மாத்திரையை நிறுத்தினால் வயிற்றுக்குக் காவல் இருக்காது. அந்த 2 வாரமும் வலி மாத்திரையைத் தொடக்கூடாது. எரிச்சலுக்குப் பாட்டிலில் வரும் ஆன்டாசிட் மட்டும். முன்பு புண் இருந்ததென்றால் நிறுத்தலாமா என்றே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, உண்மையிலேயே கிருமி போகவில்லை என்று வருகிறது என்று வையுங்கள். அப்போதும் அதே கோர்ஸ் கூடாது. முதல்முறை உங்களுக்குக் கொடுத்தது கிளாரித்ரோமைசின், அமாக்ஸிசிலின், கேஸ் மாத்திரை. கிளாரித்ரோமைசினுக்குச் சாகாமல் தப்பிய கிருமிக்கு மறுபடி அதையே கொடுப்பதில் பலன் குறைவு. பிஸ்மத் சேர்ந்த நான்கு மருந்து கோர்ஸ் போன்ற வேறு வழிக்குப் போவதுதான் முறை. (பிஸ்மத் எடுத்தால் நாக்கும் மலமும் கறுக்கும், பயப்பட வேண்டாம். தார் போல ஒட்டிக்கொண்டு துர்நாற்றம் அடித்தால் மட்டும் அது வேறு விஷயம், உடனே ஆஸ்பத்திரி.)

அதைவிட முக்கியமானது, உங்கள் வாத மாத்திரைகளோடு இந்த மருந்துகள் எப்படி ஒத்துப்போகும் என்பது. கிளாரித்ரோமைசினும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயினும் சேர்ந்தால் சிலருக்கு இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடலாம்; ஒரு ஈசிஜி பார்த்துவிட்டுக் கொடுப்பது நல்லது. அமாக்ஸிசிலின் மெத்தோட்ரெக்ஸேட்டை உடம்பிலிருந்து வெளியேற விடாமல் தாமதப்படுத்தும், கேஸ் மாத்திரையும் கொஞ்சம் அப்படித்தான். இதை “அவர் விஷயம்” என்று மூட்டு டாக்டர் தள்ளிவிட முடியாது. கோர்ஸ் நடக்கும் வாரங்களில் மெத்தோட்ரெக்ஸேட்டைத் தொடரலாமா, விட்டுப் பிடிக்கலாமா என்று சொல்ல வேண்டியவர் அவர்தான். இங்கேயே இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பேதி, நீர்க்கடுப்பு என்று கடையில் கேட்டால் சில நேரம் கோ-ட்ரைமாக்ஸசோல் என்ற ஆன்டிபயாடிக்கை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். மெத்தோட்ரெக்ஸேட் போடுகிறவர் அதைத் தொடவே கூடாது. எலும்பு மஜ்ஜையைப் படுக்கவைத்துவிடும், உயிருக்கே ஆபத்து.

இனி அந்தக் காலண்டர் தாள்கள். ரிப்போர்ட்டுகளைவிட எனக்கு அவைதான் அதிகம் பேசின. ஜனவரி, பிப்ரவரி இரண்டிலும் வலி வந்த நாளுக்குச் சிவப்புப் பேனாவில் ஒரு பெருக்கல் குறி, வாந்தி வந்தால் இரண்டு. தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பாருங்கள்: திங்கள், செவ்வாய்க் கட்டங்கள் மேலிருந்து கீழே சிவப்பாக ஓடுகின்றன. வியாழன், வெள்ளி, சனி பெரும்பாலும் வெறுமை. ஞாயிறு காலை மெத்தோட்ரெக்ஸேட் போடுகிறவருக்கு மறுநாளும் அதற்கு மறுநாளும் குமட்டல் என்றால், முதல் சந்தேகம் கிருமி மேல் போகாது. அப்புறம், ஜனவரி நடுவில் பொங்கலை ஒட்டி உறைபனி கொட்டிய நாட்களில் மட்டும் கிழமை பார்க்காமல் வரிசையாகச் சிவப்பு. ஓரத்தில் பொடி எழுத்தில் ‘வ.மா.’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வலி மாத்திரை! ப்ரெட்னிசலோனோடு அது சேர்ந்தால் வயிற்றுச் சுவர் தாங்காது.

உங்கள் வயிற்று உபத்திரவத்தில் பெரும்பங்கை இந்த இரண்டுமே விளக்கிவிடுகின்றன என்று நினைக்கிறேன். உலகத்தில் ஏறக்குறைய பாதிப் பேர் வயிற்றில் ஹெச். பைலோரி உண்டு, அதில் பெரும்பாலோர் ஒரு தொந்தரவும் இல்லாமல் சாப்பிட்டுத் தூங்கி எழுகிறார்கள். கிருமி இருந்தது என்பதும், அதனால்தான் வலித்தது என்பதும் ஒன்றல்ல. மெத்தோட்ரெக்ஸேட்டை இரவு சாப்பாட்டுக்குப் பிறகு போடுவது, ஃபோலிக் ஆசிட்டைக் கூட்டுவது, ஒரே நாளுக்குள் இரண்டாகப் பிரித்துப் போடுவது, அதுவும் பலிக்காவிட்டால் ஊசியாக மாற்றுவது என்று வழிகள் இருக்கின்றன. எது என்பதை மூட்டு டாக்டர் முடிவு செய்யட்டும். வாரம் ஒரு நாள் என்பது மட்டும் எக்காரணம் கொண்டும் மாறக்கூடாது.

நாத்தனாருக்கு என் பதில்: நிறுத்தாதே. நாள்பட ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டை எடுத்த உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரப்பதைக் குறைத்திருக்கும். திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழ நேரும். இன்னொரு பக்கம், கட்டுக்குள் இருக்கும் வாதம் எழுந்து உட்கார்ந்துகொள்ளும். அப்போது நீங்கள் போடப்போவது இன்னும் நிறைய வலி மாத்திரை. கிருமியைக் கூட்டிவந்தது வாத மாத்திரை அல்ல, முடக்குவாதத்தைக் கொண்டுவந்தது இந்தக் கிருமிதான் என்பதும் நிரூபணமாகவில்லை. ரத்தத்தட்டுகள் குறையும் ஒருவகைத் தன்னெதிர்ப்பு நோயில் மட்டும் இந்தக் கிருமியை ஒழித்ததும் சிலருக்குத் தட்டுகள் ஏறுவதைப் பார்த்திருக்கிறோம்.

மாமியார் மேல் கோபப்படாதீர்கள். காரமும் கவலையும்தான் அல்சருக்குக் காரணம் என்று மருத்துவ உலகமே வெகுகாலம் நம்பியது. ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷல் என்ற டாக்டர் 1984-ல் இந்தக் கிருமி வளர்த்த திரவத்தைத் தானே குடித்து, சில நாளில் வாந்தியும் வயிற்று அழற்சியும் வரவழைத்துக் காட்ட வேண்டியிருந்தது. 2005-ல் அவருக்கும், அவரோடு இந்தக் கிருமியைக் கண்டுபிடித்த ராபின் வாரனுக்கும் நோபல் பரிசு. மிளகாய் புண்ணை உண்டாக்காது. எரிகிற வயிற்றை இன்னும் எரிக்கும், அவ்வளவே. அதனால் இப்போதைக்குக் குறைப்பதில் நஷ்டமில்லை.

நீங்கள் கேட்காத ஒன்று. தோட்டத்தில் செருப்பில்லாமல் மண்ணில் நிற்பீர்களா? நம் பக்கத்துப் பெண்கள் நிற்பார்கள். ஸ்ட்ராஞ்சிலாய்ட்ஸ் என்று ஒரு சின்னப் புழு, காலின் தோல் வழியாக ஏறிக் குடலில் வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் குடியிருக்கும். ஸ்டீராய்டு அளவைக் கூட்டினால் அது பெருகி உடம்பெங்கும் பரவக்கூடும். பள்ளிக்கூடத்தில் கொடுக்கும் ஒற்றைப் பூச்சி மாத்திரை அல்பெண்டசோல் இதற்குப் போதாது, ஐவர்மெக்டின் வேண்டும். உங்கள் ரத்த ரிப்போர்ட்டில், புழு இருந்தால் ஏறக்கூடிய ஈசினோஃபில் என்ற வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கிறது. அடுத்தமுறை அதைக் காட்டி மலப் பரிசோதனை கேளுங்கள். ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள்.

கறுத்த தார் மலம், ரத்த வாந்தி, விழுங்கச் சிரமம், காரணமில்லாமல் எடை இறங்குவது இவற்றுக்குக் காத்திருக்கக்கூடாது. மெத்தோட்ரெக்ஸேட் போடுகிற உங்களுக்குக் காய்ச்சலும் அதே வரிசைதான். மழைக்காலத்தில் மேட்டுப்பாளையம் சாலையில் எப்போது மண் சரியும் என்று தெரியாது, ஆகவே விடியட்டும் என்று நினைக்காமல் பகலிலேயே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

இரண்டு டாக்டரையும் ஒரே அறையில் உட்காரவைக்க உங்களால் முடியாது. ஒரே தாளை இருவரிடமும் காட்ட முடியும். எல்லா மாத்திரையும், எந்தக் கிழமை, எந்த வேளை, கடையில் வாங்கியது உட்பட. அதன் பின்பக்கத்தில் அந்தக் காலண்டரை ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். மூட்டு டாக்டர் மறுபடியும் “அவர் விஷயம்” என்றால், “அமாக்ஸிசிலின் போடும்போது மெத்தோட்ரெக்ஸேட் போடலாமா?” என்று இந்த ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டு நாற்காலியை விட்டு எழாமல் இருங்கள்.

கேள்வி: மலையில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும், கிருமி சாகாது என்கிறான் என் பேரன். எங்கள் வீட்டுக்கு ஊற்றுத் தண்ணீர்தான். என் மனைவிக்கு லூபஸ் (உடம்பே தன்னைத் தாக்கும் தன்னெதிர்ப்பு நோய்) இருப்பதால் கேட்கிறேன்.

– கொடைக்கானல் வாசகர்

பதில்: பேரன் சொன்னதில் முதல் பாதி சரி. உங்கள் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதிக்கும். ஆனால் வயிற்றைக் கெடுக்கும் பாக்டீரியா, வைரஸ், ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி எல்லாம் அதற்குக் கீழேயே செத்துவிடும். சமவெளியில் தளதளவென்று கொதி வந்து 1 நிமிஷம் போதும், 2,000 மீட்டருக்கு மேலே 3 நிமிஷம் வைக்கச் சொல்கிறார்கள். நீங்கள் 3 நிமிஷக் கட்சி. ஆறவைக்கும்போது மூடி வையுங்கள், குவளையை உள்ளே விட்டு முகக்காதீர்கள். ஊற்றில் குளோரின் போடுவதை மட்டும் நம்பவேண்டாம், ஜியார்டியா அதற்கு எளிதில் மசியாது.

கேள்வி: எனக்கு ஹாஷிமோட்டோ தைராய்டு (உடம்பே தைராய்டு சுரப்பியைத் தாக்கும் நோய்). வயிற்றுக்கு கேஸ் மாத்திரை ஆரம்பித்த பிறகு டிஎஸ்ஹெச் (தைராய்டு குறைந்தால் ஏறும் ரத்த அளவு) ஏறிவிட்டது. தைராய்டு மாத்திரை போலியா?

– குன்னூர் வாசகி

பதில்: போலி இல்லை. அந்த மாத்திரை கரைந்து உடம்பில் சேர வயிற்றில் அமிலம் வேண்டும். கேஸ் மாத்திரை அதைக் குறைக்கிறது, வயிற்று அழற்சி இருந்தாலும் குறையும். வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு ஒரு மணி நேரம் கழித்து டீ குடியுங்கள்; குளிருக்கு முதலில் டீ என்ற நம் ஊர் வழக்கம் இங்கே உதவாது. இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி. 6 முதல் 8 வாரம் கழித்து டிஎஸ்ஹெச் மறுபடி பார்த்து டாக்டர் அளவை மாற்றுவார். கேஸ் மாத்திரையை நிறுத்தும்போதும் அவரிடம் சொல்லுங்கள், அப்போது அளவைக் குறைக்க வேண்டிவரலாம். ஹாஷிமோட்டோ இருப்பவர்களில் சிலருக்கு வயிற்றுச் சுவரையே உடம்பு தாக்கும் தன்னெதிர்ப்பு அழற்சியும் வரும். நாக்கு எரிச்சல், கால் மரமரப்பு இருந்தால் பி12 வைட்டமின் அளவும் ஒருமுறை பாருங்கள்.