ரூஸ்வெல்ட் தீவு சரியான தேர்வா? எந்த அறிவியலுக்கு என்று முதலில் கேட்க வேண்டும்

கேள்வி: நியூயார்க் நகரம் 2011-ல் போட்டி நடத்தி, புதிய அறிவியல், பொறியியல் வளாகத்துக்காக, மன்ஹாட்டனுக்கும் குவீன்ஸுக்கும் நடுவே கிழக்கு ஆற்றில் இருக்கும் ரூஸ்வெல்ட் தீவில் கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு இடம் கொடுத்தது. புரூக்ளின், ஹார்லெம், கவர்னர்ஸ் தீவு என்று வேறு இடங்களும் போட்டியில் இருந்தன. ரூஸ்வெல்ட் தீவைத் தேர்ந்தெடுத்தது சரிதானா?

கணினித் துறைக்கான வளாகம் என்று பார்த்தால் சரிதான். வேதியியல், உயிரியல், நுண்மின்னணு ஆய்வகங்கள் அங்கே வரவேண்டியிருந்திருந்தால் அது பொருந்தாத இடம். இரண்டையும் "அறிவியல், பொறியியல் வளாகம்" என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். எந்த இடம் என்ற விவாதம் குழம்புவது அங்கேதான்.

என் தொழிலைச் சொல்லிவிட்டால் என் பார்வை எங்கிருந்து வருகிறது என்பது புரியும். ஆய்வகம் எழும்பப்போகும் மனையில் நிலம் எவ்வளவு அதிர்கிறது, சுற்றிலும் காந்தப் புலம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று அளந்து கொடுக்கிறேன். கட்டடக் கலைஞர் வருவதற்கு முன்பே என்னைப் போன்றவர்களை அழைக்க வேண்டும். பெரும்பாலும் நிலம் கைமாறிய பிறகுதான் அழைக்கிறார்கள்.

முதலில் நடந்தது என்ன என்று பார்ப்போம். 2010 டிசம்பரில் மேயர் மைக்கேல் புளூம்பெர்க்கின் நிர்வாகம் உலகப் பல்கலைக்கழகங்களுக்கு ஓர் அழைப்பு விடுத்தது. நகரத்தின் பொருளாதாரம் நிதித் துறையை மட்டுமே நம்பி நிற்கக் கூடாது, பொறியியல் வல்லுநர்களை இங்கேயே உருவாக்க வேண்டும் என்பது நோக்கம். நிலத்தையும், அடிப்படை வசதிகளுக்கு 10 கோடி டாலர் வரையிலும் தருவதாக நகரம் சொன்னது. ரூஸ்வெல்ட் தீவின் கோல்ட்வாட்டர் மருத்துவமனை வளாகம், கவர்னர்ஸ் தீவு, புரூக்ளினின் பழைய கடற்படைக் கப்பல் தளம் ஆகியவை நகரம் முன்வைத்த முக்கிய இடங்கள். வேறு இடம் கையில் இருந்தால் அதையும் காட்டலாம்.

2011 அக்டோபரில் 17 நிறுவனங்கள் சேர்ந்து 7 முன்மொழிவுகளைக் கொடுத்தன. ஸ்டான்ஃபோர்டும், இஸ்ரேலின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான டெக்னியனுடன் சேர்ந்த கார்னெலும் ரூஸ்வெல்ட் தீவைக் கேட்டன. கொலம்பியா பல்கலைக்கழகம், மேற்கு ஹார்லெமில் தான் ஏற்கெனவே எடுத்திருந்த மன்ஹாட்டன்வில் பகுதியைக் காட்டியது. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கூட்டணி டவுன்டவுன் புரூக்ளினைக் கேட்டது. அந்தக் கூட்டணியில் மும்பை ஐஐடியும் இருந்தது. கார்னகி மெலன் கடற்படைத் தளத்தையும், நம் நாட்டின் அமிட்டி பல்கலைக்கழகம் கவர்னர்ஸ் தீவையும் கேட்டன. டிசம்பர் 16-ஆம் தேதி ஸ்டான்ஃபோர்டு போட்டியிலிருந்து விலகியது. அதே நாளில் கார்னெலுக்கு 35 கோடி டாலர் நன்கொடை வந்த செய்தி வெளியானது. டிசம்பர் 19-ல் கார்னெல், டெக்னியன் கூட்டணி வென்றதாக மேயர் அறிவித்தார்.

இனி நிலத்துக்கு வருகிறேன். இதைப் பற்றிப் பொதுவெளியில் யாரும் போதுமான அளவு பேசுவதில்லை.

நிலத்தின் அதிர்வு வினாடிக்கு ஏறத்தாழ 100 மைக்ரோமீட்டர் (மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு) வேகத்தை எட்டும்போதுதான் மனிதர்களால் அதை உணரவே முடிகிறது. சாதாரண ஒளி நுண்ணோக்கிகள் வைக்கும் ஆய்வகத்துக்கு 50 மைக்ரோமீட்டருக்குள் இருக்க வேண்டும். நுட்பமான எலக்ட்ரான் நுண்ணோக்கிகளுக்கும் நுண்சில்லு செய்யும் கருவிகளுக்கும் 3 மைக்ரோமீட்டர் அளவுக்கு இறங்க வேண்டும். நீங்கள் நின்று பார்த்து "எவ்வளவு அமைதியான இடம்" என்று மகிழும் மனை, அந்தக் கருவிக்கு ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கும் மனையாக இருக்கலாம். அத்துடன் மின்சார ரயில் ஒவ்வொரு முறை கடக்கும்போதும் அதன் நேர்மின்னோட்டம் சுற்றுப்புறக் காந்தப் புலத்தை அசைத்துவிடுகிறது. அதிர்வை சுருள்வில் போன்ற தாங்கிகள் வைத்து ஓரளவு அடக்கலாம். காந்தப் புலத்தை அடக்குவது அதைவிடக் கடினம், செலவும் அதிகம். தூரம் ஒன்றே மலிவான மருந்து.

ரூஸ்வெல்ட் தீவில் தூரத்துக்கு வழியில்லை. ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீளமிருந்தாலும் அதன் அதிகபட்ச அகலம் 250 மீட்டரைக்கூட எட்டுவதில்லை. வளாகத்துக்கு வடக்கே குவீன்ஸ்பரோ பாலம் நாள் முழுவதும் வாகனங்களைச் சுமக்கிறது. தீவின் தென்பகுதிக்கு அடியில் 53-ஆம் தெரு சுரங்கப் பாதையில் ரயில்கள் போகின்றன. தீவு முழுவதும் கெட்டிப் பாறை. 19-ஆம் நூற்றாண்டில் இங்கே எழுந்த கட்டடங்களுக்கு இங்கேயே கல் வெட்டியிருக்கிறார்கள். கட்டடம் கட்டுபவருக்கு அந்தப் பாறை வரம். ஆனால் பாறை அதிர்வை மண்ணைப் போல உறிஞ்சாது. தீவின் தெற்கில் 1892-ல் கட்டிய ஸ்ட்ரெக்கர் ஆய்வகம் இன்னும் நிற்கிறது. நோய்க்கூறு ஆராய்ச்சிக்காக எழுந்த அந்தக் கட்டடத்துக்குள் இப்போது இருப்பது சுரங்க ரயிலுக்கு மின்சாரம் மாற்றித் தரும் துணைநிலையம். அங்கே என்ன கட்டலாம், என்ன கட்டக் கூடாது என்று முடிவு செய்ய எனக்கு அந்த ஒரு கட்டடமே போதும்.

இது கற்பனைக் கவலை இல்லை. மின்னசோட்டா பல்கலைக்கழக வளாகத்தின் நடுவே வாஷிங்டன் அவென்யூவில் இலகு ரயில் பாதை போட முடிவானபோது, ஆய்வகக் கருவிகள் கெடும் என்று பல்கலைக்கழகம் 2009-ல் வழக்குத் தொடர்ந்தது. 2010-ல் சமரசம் ஏற்பட்டு, அதிர்வைக் குறைக்கும் ஏற்பாடுகளோடு 2014-ல் ரயில் ஓடத் தொடங்கியது. சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு அடியில் சுரங்கம் தோண்டுவதற்கு முன்பே, எவ்வளவு அதிர்வும் காந்தப் புலமும் இருக்கலாம் என்று வரம்பு குறித்து ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். பெயர் சொல்ல முடியாத ஒரு பல்கலைக்கழகத்தில், தரைத்தளத்தில் நிறுவிய நுண்ணோக்கியை ரயில் நின்றுபோன பின்னிரவில் மட்டுமே பயன்படுத்தும் ஆராய்ச்சி மாணவியை எனக்குத் தெரியும். அவருடைய முனைவர் பட்டம் எத்தனை மாதம் தள்ளிப்போனதோ, அதற்கு மனையைத் தேர்ந்தெடுத்தவர்கள் யாரும் பதில் சொல்லவில்லை. அது எனக்கு இன்றும் கோபம் தருகிறது.

கார்னெல் இந்தப் பொறியில் சிக்கவில்லை. அது தீவுக்குக் கொண்டுவந்தது கணினி அறிவியல், தரவு, வணிகம், நலவாழ்வுத் தொழில்நுட்பம் போன்ற துறைகள். அதன் மருத்துவக் கல்லூரி ஆற்றுக்கு மறுகரையில், மன்ஹாட்டனின் கிழக்குப் பகுதியில் ஏற்கெனவே ஆய்வகங்களோடு இருக்கிறது. தீவுக்கு வந்தவர்களுக்கு வேண்டியது நல்ல அறைகளும் வேகமான இணையமும் பேசிப் பழக ஆட்களும்தான். எனவே மண்ணின் குறை அவர்களைத் தொடவில்லை.

ஆட்கள் என்று வரும்போது தீவின் மறுபக்கம் தெரிகிறது. கார்னெலின் முதல் வகுப்பு 2013 ஜனவரியில் தொடங்கியது தீவில் அல்ல. மன்ஹாட்டனின் செல்சி பகுதியில், கூகுள் இலவசமாகக் கொடுத்த தளத்தில். மாணவர்கள் எட்டுப் பேர்தான். ஆனால் அந்தத் தெருவில் கதவைத் திறந்து வெளியே வந்தாலே தொழில்முனைவோரும் பொறியாளர்களும் எதிர்ப்படுவார்கள். தீவு வளாகம் 2017 செப்டம்பரில் திறக்கும்வரை இப்படியே நடந்தது. தீவில் அந்த வசதி தானாக வராது என்று தெரிந்துதான், நிறுவனங்களும் மாணவர்களும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்யும் தனிக் கட்டடத்தை, இன்றைய டாடா புத்தாக்க மையத்தை, முதல் கட்டத்திலேயே எழுப்பினார்கள். 26 மாடிக் குடியிருப்பும் உடனே வந்தது. ஒரு பகுதி தராததை வளாகம் தன் பணத்தில் செய்துகொள்ள வேண்டும் என்பதை அவர்கள் நேர்மையாகக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள் என்றே மதிக்கிறேன்.

போக்குவரத்தில் எனக்கு அவ்வளவு நிம்மதி இல்லை. 1976-ல் வந்த ரோப் கார், 1989-ல் திறந்த ஒரே ஒரு சுரங்க ரயில் நிலையம், குவீன்ஸ் பக்கம் ஒரு பாலம், 2017 முதல் படகு: அவ்வளவுதான். 2023 ஆகஸ்டு முதல் பல மாதங்கள் தண்டவாளம் மாற்றும் பணிக்காக வழக்கமான ரயிலைத் திருப்பிவிட்டு, இடைவெளி விட்டு ஓடும் இணைப்பு ரயிலை மட்டும் விட்டார்கள். ஒற்றைத் தடத்தை நம்பிய வளாகத்துக்கு இது மீண்டும் மீண்டும் வரும். டவுன்டவுன் புரூக்ளினின் ஜே தெருவில், நியூயார்க் பல்கலைக்கழகம் கேட்ட கட்டடத்துக்கு அடியிலேயே பல தடங்கள் கூடுகின்றன. போக்குவரத்தை மட்டும் வைத்து மதிப்பெண் போட்டால் புரூக்ளின்தான் முதலிடம். ஆனால் 12 ஏக்கர் ஒரே துண்டாக அங்கே யாரிடம் இருந்தது?

வெள்ளத்தையும் விட்டுவிட முடியாது. தேர்வு முடிந்து பத்தே மாதத்தில், 2012 அக்டோபர் 29-ல், சாண்டி புயல் வந்தது. கிழக்கு ஆற்றங்கரையில் நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவ மையத்தின் ஓர் ஆராய்ச்சிக் கட்டடத்தில் தண்ணீர் நிலவறைக்குள் புகுந்து ஆயிரக்கணக்கான ஆய்வு எலிகள் இறந்தன. பல ஆண்டுகள் பொறுமையாக வளர்த்த எலி வம்சங்கள் அவை. கடற்படைத் தளத்துக்குள்ளும் அன்று தண்ணீர் ஏறியது. நீர்முனை மனை பார்ப்பதற்கு அழகு. விலங்கு அறைகளும் மின் கருவிகளும் நிலவறையில் இருக்கும் ஆய்வகத்தை அங்கே வைக்க நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அங்கே ஏற்கெனவே வாழ்கிறவர்களைப் பற்றியும் பேச வேண்டும். கோல்ட்வாட்டர் 1939-ல் திறந்த, நீண்டகால நோயாளிகளுக்கான மருத்துவமனை. அங்கே சக்கர நாற்காலியில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர்கள் இருந்தார்கள். 2013-ல் அது மூடப்பட்டு, பலர் ஹார்லெமில் புதிதாக அமைத்த மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார்கள். மூடும் திட்டம் போட்டிக்கு முன்பே இருந்தது என்றாலும், "காலி நிலம்" என்று அந்த மனையை எழுதியவர்களைப் படிக்கும்போது மனம் ஒப்பவில்லை. தீவுவாசிகள் விஷயத்தில் ஒரு நல்ல முடிவு எடுத்தார்கள்: இடிபாடுகளையும் கட்டுமானப் பொருட்களையும் பெருமளவு தோணிகளில் கொண்டுபோய்க் கொண்டுவந்தார்கள். ஒற்றைத் தெருவில் லாரிகள் வரிசை கட்டியிருந்தால் தீவில் யாரும் நடமாடியிருக்க முடியாது.

மன்ஹாட்டன்வில் கதை கசப்பானது. 17 ஏக்கருக்காக, விற்க மறுத்த கிடங்கு, பெட்ரோல் நிலைய உரிமையாளர்களின் இடத்தைப் பொது நோக்கம் என்று சொல்லி மாநில அமைப்பு கையகப்படுத்த, வழக்கு மாநிலத்தின் உச்ச அமர்வு வரை போய் 2010-ல் கொலம்பியாவுக்குச் சாதகமாக முடிந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, வட்டார மக்களுக்கு 15 கோடி டாலர் மதிப்பில் நன்மைகள் தருவதாக ஓர் ஒப்பந்தமும் போட்டார்கள். மூளை ஆராய்ச்சிக்கான முதல் கட்டடம், உயரத்தில் ஓடும் பழைய ரயில் மேம்பாலத்தை ஒட்டியே எழுந்தது. அந்தப் பக்கத்துக்கு இரட்டைக் கண்ணாடிச் சுவர் போட்டார்கள்.

நகரத்தை நான் பாராட்டுவது ஒரு பரிசோடு நிறுத்திக்கொள்ளாததற்காக. 2012 ஏப்ரலில் ஜே தெரு 370-ஆம் எண் கட்டடத்தை, பெருமளவு காலியாகக் கிடந்த பழைய போக்குவரத்துத் தலைமையகத்தை, நகர அறிவியல் மையத்துக்காக நியூயார்க் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார்கள். ஜூலையில் கொலம்பியாவின் தரவு அறிவியல் நிறுவனத்துக்கு உதவி, அடுத்த ஆண்டு கார்னகி மெலனுக்குக் கடற்படைத் தளத்தில் இடம். தோற்றதாகச் சொல்லப்பட்ட பகுதிகளுக்கும் அவற்றுக்கு ஏற்ற துறை போய்ச் சேர்ந்தது. கவர்னர்ஸ் தீவு மட்டும் நீண்ட காலம் காத்திருந்தது. படகில்தான் போக முடியும், நிரந்தரக் குடியிருப்புக்குப் பத்திரத்திலேயே தடை. 2023-ல் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகம் தலைமை தாங்கும் காலநிலை ஆராய்ச்சி மையத்துக்கு அந்தத் தீவில் இடம் கொடுத்தார்கள். கடல் ஏறுவதையும் புயலையும் படிக்கப்போகிறவர்களுக்கு நான்கு பக்கமும் தண்ணீர் இருப்பது குறையே இல்லை. 2011-லேயே என்னைக் கேட்டிருந்தாலும் அந்தத் தீவுக்கு அதைத்தான் சொல்லியிருப்பேன்.