கணினி கேள்வி பதில்: களப்பதிவுகளை அழித்துவிடாதீர்கள்

கேள்வி: நாட்டுப்புறவியலில் பிஎச்.டி. செய்கிறேன். பல்கலைக்கழகம் கொடுத்த கூகுள் கணக்கில் இதுவரை எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றி வைத்தோம். இனி ஆளுக்கு 20 ஜிபிதான், மாதக் கடைசிக்குள் குறைத்துவிடுங்கள் என்று மெயில் வந்திருக்கிறது. ஒப்பாரியும் தாலாட்டும் பாடிய பாட்டிமார்களின் ஒலிப்பதிவு மட்டுமே 90 ஜிபி. எம்பி3 ஆக மாற்றிவிட்டு மூலத்தை அழித்துவிடு என்கிறார்கள் தோழிகள். செய்யலாமா?
*– ஆராய்ச்சி மாணவி, மதுரை*

பதில்: செய்யாதீர்கள் அம்மா. முதலில் அந்தப் பதிவுகளைப் பத்திரப்படுத்துங்கள். வரம்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உங்களிடம் இருப்பவை சுருக்கப்படாத வேவ் கோப்புகளாகத்தான் இருக்கும். சிடி தரத்தில் ஸ்டீரியோவாகப் பதிந்தால் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி பிடிக்கும். எம்பி3 அதைப் பத்தில் ஒன்றாகச் சுருக்கும். ஆனால் காதுக்குத் தேவையில்லை என்று அது கருதும் ஒலிகளை நிரந்தரமாக நீக்கிவிடும். ஒப்பாரியில் மூச்சு இழுப்பதையும் குரல் உடைவதையும் நாளை ஒருவர் நுணுகி ஆராய வேண்டியிருக்கலாம். பாடிய பாட்டி அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தால் யாரிடம் போய் மறுபடி பதிவீர்கள்?

சுருக்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஃபிளாக் வடிவத்துக்கு மாற்றுங்கள். அதில் ஒலி எதுவும் தொலையாது. வேண்டும்போது வேவ் ஆகவே திரும்ப எடுக்கலாம். அளவு ஏறக்குறையப் பாதியாகும். இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளே போதும்.

அப்படியும் 20 ஜிபிக்குள் அடங்காது. ஆகவே இரண்டு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். ஒன்று வீட்டில், மற்றொன்று துறையில் இருக்கட்டும். இரண்டையும் ஒரே பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போகாதீர்கள். நகலெடுத்ததும் கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் கூகுள் டிரைவோடு ஒப்பிடுங்கள். ஒவ்வொரு கோப்புறையிலும் இரண்டு மூன்றைக் கடைசி வரை ஓடவிட்டுக் கேளுங்கள். அதன் பிறகுதான் டிரைவில் அழிக்க வேண்டும். அழித்தவை 30 நாள் குப்பைத் தொட்டியில் கிடக்கும், அதுவரை கணக்கிலும் சேரும். தொட்டியைக் காலி செய்தால்தான் இடம் கிடைக்கும்.

பாடியவர் யார், எந்த ஊர், என்றைக்குப் பதிந்தது என்பதை ஒரு எக்செல் தாளில் எழுதி ஒலியோடு சேர்த்தே வையுங்கள். ‘புதிய பதிவு 47’ என்ற பெயரை வைத்து அடுத்த தலைமுறை ஒன்றும் செய்ய முடியாது.

நெறியாளரின் கையெழுத்தோடு கணினி மையத்துக்கு ஒரு கடிதமும் கொடுங்கள். எல்லோருக்கும் ஒரே வரம்பு என்பது கட்டாயம் இல்லை. குழு வாரியாக வேறு வேறு வரம்பு வைக்கக் கூகுளின் நிர்வாகப் பக்கத்திலேயே வசதி இருக்கிறது. களப்பணி செய்கிறவருக்கும் வெறும் அசைன்மென்ட் அனுப்புகிறவருக்கும் ஒரே அளவு என்பது நியாயமே இல்லை. தயங்காமல் கேளுங்கள்.

இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் ஷோத்கங்கா தளத்தில் ஆய்வேடு ஏறிவிடும், அது போதும் என்று இருந்துவிட வேண்டாம். அங்கே போவது ஆய்வேடுதான், உங்கள் ஒலிப்பதிவு அல்ல. ஐரோப்பிய ஆராய்ச்சி நிறுவனமான செர்ன் நடத்தும் ஸெனோடோ என்ற ஆய்வுத் தரவுத் தளத்தில் ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை இலவசமாக வைக்கலாம். யாரும் பார்க்க முடியாதபடி கட்டுப்படுத்தவும் வழி உண்டு. ஆனால் பாடியவர்களின் சம்மதம் இல்லாமல் ஏற்றாதீர்கள்.

கேள்வி: அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறேன். என் டிரைவில் உள்ள ஒரு கோப்புறையில்தான் மாணவர்கள் ஆண்டுக்கணக்காக ஆய்வுத் தரவுகளைப் போட்டு வருகிறார்கள். அதை என் சொந்த ஜிமெயிலுக்கு மாற்றிக்கொள்ளலாமா?
*– வேதியியல் பேராசிரியர், திருச்சி*

பதில்: ஐயா, அதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். கோப்புறை உங்களுடையது என்பதால் உள்ளே இருப்பதெல்லாம் உங்களுடையது ஆகிவிடாது. ஏற்றியவர்தான் அந்தக் கோப்பின் உரிமையாளர். இடமும் அவர் கணக்கில்தான் கழியும். அவர் படிப்பை முடித்துப் போய்ப் பல்கலைக்கழகம் அவர் கணக்கை நீக்கினால், உங்கள் கோப்புறையில் இருந்த அவருடைய கோப்பும் போய்விடும். உரிமையாளர் பெயரைப் பார்த்து, படித்து முடித்தவர்களின் கோப்புகளை உடனே நகலெடுங்கள்.

பிறகு கணினி மையத்தில் உங்கள் ஆய்வகத்துக்கென ஒரு ஷேர்டு டிரைவ் கேளுங்கள். அதில் போடும் கோப்பு தனி ஆளுக்கு உரியதல்ல, நிறுவனத்துக்கு உரியது. உறுப்பினர் விலகினாலும் கோப்பு அங்கேயே இருக்கும். நீங்கள் ஓய்வு பெற்ற பின்னும் மாணவர்களுக்கு அது பயன்படும். அதனால் சொந்த ஜிமெயில் எண்ணத்தை விட்டுவிடுங்கள். அதில் இலவசமாகக் கிடைப்பதே 15 ஜிபிதான். அதையும் மெயிலும் போட்டோவும் பங்கு போட்டுக்கொள்ளும். உங்கள் கடிதங்கள், பாடக் குறிப்புகள் போன்ற சொந்த விஷயங்களை மட்டும், கணக்கில் உள்ளவற்றை மொத்தமாக இறக்கித் தரும் கூகுள் டேக்அவுட் வழியாக எடுத்துக்கொள்ளுங்கள். சில பல்கலைக்கழகங்கள் அந்த வசதியை மூடி வைத்திருக்கும். ஆகவே கடைசி மாதம் வரை காத்திருக்காதீர்கள்.

கேள்வி: சேரும்போது ‘அளவில்லாத சேமிப்பு’ என்றார்கள். இப்போது வரம்பு வைப்பது ஏமாற்று இல்லையா?
*– பி.எஸ்சி. மாணவர், சேலம்*

பதில்: தம்பி, கோபம் புரிகிறது. ஆனால் இதைத் தொடங்கியது உங்கள் பல்கலைக்கழகம் அல்ல. கல்வி நிறுவனங்களுக்கான அளவில்லாத சேமிப்பு முடியப்போகிறது என்று 2021 பிப்ரவரியிலேயே கூகுள் அறிவித்துவிட்டது. ஏற்கெனவே பயன்படுத்தி வந்த நிறுவனங்களுக்கு 2022 ஜூலையில் அது நடைமுறைக்கு வந்தது. அடிப்படை ஒதுக்கீடு நிறுவனம் முழுமைக்கும் 100 டிபி, அதாவது ஒரு லட்சம் ஜிபி. 20,000 கணக்குகள் இருந்தால் தலைக்கு 5 ஜிபிதான் வரும். மைக்ரோசாஃப்டும் பின்னர் அதே வழிக்கு வந்தது. ஆனால் இத்தனை ஆண்டு சும்மா இருந்துவிட்டு ஒரே மாதத்தில் காலி செய் என்றால் அது நிர்வாகத்தின் குறைதான். மாணவர் பேரவை மூலம் அவகாசம் கேளுங்கள்.

அதற்குள் போனை எடுத்து, போட்டோ பேக்கப் எந்தக் கணக்கில் ஓடுகிறது என்று பாருங்கள். பலருக்குத் தெரியாமலே அது கல்லூரிக் கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். டிரைவின் இடப்பக்கம் உள்ள ‘ஸ்டோரேஜ்’ பகுதியைத் திறந்தால் பெரிய கோப்புகள் முதலில் வரும். பெரும்பாலும் ஆன்லைன் வகுப்பு வீடியோக்கள்தான் மேலே நிற்கும். ஆசிரியரிடம் அவற்றின் பிரதி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அழியுங்கள்.